பொருத்தம் பார்த்தல்

கொள்ளுப்பிட்டி, ஆறாம் மாடி.
ஏசிக் குளிரில் கண்ணாடி வேர்க்க
மேசைமேல் மூன்று கிண்ணம், மூன்று பொதி.
ஒன்றில் மாட்டுவண்டி.
ஒன்று வெறும் வெள்ளை, பொன் எழுத்து.
மூன்றாவதில் நான் எழுதிய வரி:
"இத்திமடுவின் செம்மண் காரம்."

இத்திமடுவை நான் கண்டதில்லை.
பெயர் நாக்கில் நன்றாக உட்கார்ந்தது, அவ்வளவுதான்.
சிங்களத்திலும் சொல்ல இலகு என்றார் ரொஹந்த.

அன்று காலை கூரியரில் வந்திருந்தது
மண் அறிக்கை, பதினோரு பக்கம்,
மூலையில் துருவேறிய கம்பி.
பின்னணிக்கு வாசிக்கவும் என்று யாரோ பென்சிலில்.
கையொப்பம்: பொ. நிமலரூபன், நில மதிப்பீட்டு உத்தியோகத்தர்.
நாற்பது இடத்தில் துளையிட்டிருக்கிறார் மனுஷன்.
ஒவ்வொரு குழியிலும் கைவிட்டு, உருட்டிப் பார்த்து,
"ஈரத்தில் ஒட்டுகிறது, காய்ந்தால் வெடிக்கிறது" என்று
எழுதியிருக்கிறார், யாரையும் மயக்க நினைக்காமல்.
வடிகால்: மந்தம்.
கிணற்று நீர்: ஆடி பிறந்தால் உப்பு.
நிறம்: சாம்பல்.

சாம்பல்.
என் செம்மண்ணைத் திரும்ப ஒருமுறை வாசித்தேன்.

மிளகாய்க்கு: பொருத்தமற்றது.
குரக்கனுக்கு: ஓரளவு.
கடைசிப் பக்கத்தில், யாரும் கேட்காத ஒரு வாக்கியம்:
"எள் விதைத்தால் இந்த நிலம் கோபிக்காது."
ஒன்பது வருடமாகச் சம்பளத்துக்கு வரி எழுதுகிறேன்,
இப்படி ஒன்று எனக்கு வாய்த்ததில்லை.

இரண்டு மணிக்குச் சுவை பார்ப்போர் வந்தார்கள்.
பன்னிரண்டு பேர், பற்றிஸ், பால்தேநீர்,
ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய்.
வெள்ளவத்தை ஆசிரியை ஒருவர்
வண்டிப் பொதியில் வீட்டு வாசம் கண்டார்.
வங்கிக்காரர் வெள்ளைப் பொதிதான் சுத்தம் என்றார்,
தும்மிக்கொண்டே.
ஏழு பேர் என் பக்கம்.
"மண் மணக்குது, மிஸ்."

மூன்று கிண்ணத்திலும் ஒரே தூள்.
கிராண்ட்பாஸ் ஆலையில், ஒரே சாக்கிலிருந்து,
நானே அள்ளி வந்தது.
சாக்கில் இருந்தது வேறு நாட்டு முத்திரை.

தெமட்டகொடை மஸாஹிரா உம்மா
மூன்றையும் தொட்டார், தண்ணீர் குடித்தார்,
திரும்ப முதலாவதைத் தொட்டார்.
"மூணும் ஒண்டுதானே, மகள்?
சட்டைய மாத்தினா புள்ள மாறுமா?"

அறை சிரித்தது. ரொஹந்த சிரிக்கவில்லை.
படிவத்தில் அவர் பெயருக்கு நேரே எழுதச் சொன்னார்:
ஆய்வுக்குப் பொருத்தமற்றவர்.
எழுதினேன்.
காலையில் வாசித்த அதே சொல்,
என் கையெழுத்தில் கொஞ்சம் சரிந்து.

கலியாணத்துக்கென்றால்
பொருந்தாத சாதகத்தைப் பொருத்திக் கொடுக்க ஆளுண்டு,
ஐந்நூறு கூடக் கேட்பார்கள்.
நான் அந்த ஆள்தான் போல.
உம்மா காசை மடித்துப் பையில் வைத்து
லிஃப்டுக்கு எந்தப் பொத்தான் என்று கேட்டார்.
அழுத்திக் கொடுத்தேன்.

செம்மண்ணை எடுத்துவிடலாமா என்று
மாலையில் செய்தி அனுப்பினேன்.
ரொஹந்தவிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.
சரியென்றா, பார்த்தேனென்றா, தெரியவில்லை.
அச்சகம் எட்டு மணிக்குத் தொடங்கும்.

காலி வீதி பஸ்ஸில் இறங்கி சுப்பர்மார்க்கெட்டில் நின்றேன்,
மிளகாய்த்தூள் தட்டின் முன்னால்.
எத்தனை தோட்டம், எத்தனை அம்மா,
எத்தனை சூரியன் அந்தத் தட்டில்!
எதற்கும் கை போகவில்லை.
எள் எங்கே என்றேன். பொடியன் கீழே காட்டினான்,
பூச்சிமருந்துக்குப் பக்கத்தில்,
படமில்லாத கண்ணாடிப் பை.
திருப்பிப் பார்த்தேன்.
பொதி செய்த இடம்: கொழும்பு பதின்மூன்று.
விளைந்த இடம் எழுதியிருக்கவில்லை.

வீதிக்கு வந்து பல்லால் கிழித்து
ஒரு பிடி வாயில் போட்டேன்.
நல்ல எள்.
எந்த மண்ணென்று எனக்குத் தெரியாது.